மேலிருந்து ஒருமுறை பார்த்துட்டு வாங்குங்க

இங்கிலாந்தில் வீடு தேடும் நம்ம குடும்பங்கள் என்னென்ன பார்ப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தின் ஆஃப்ஸ்டெட் ரிப்போர்ட், ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷ நடை, பின்னாடி எக்ஸ்டென்ஷன் போட இடம் இருக்கா, அம்மா அப்பா வந்தால் தங்கக் கீழே ஒரு ரூம் கிடைக்குமா. வாசல் எந்தத் திசைன்னு கேட்கிறவங்களும் உண்டு. மழைத்தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வரும்னு கேட்கிறவங்கதான் குறைவு. அந்தப் பதில் சொலிசிட்டர் அனுப்பும் நீளமான ரிப்போர்ட்டில் எங்கேயோ இருக்கும். அது வரும்போது சர்வேக்குப் பணம் கட்டியாச்சு, பிள்ளைகள் ஆளுக்கொரு ரூம் பிரிச்சாச்சு.

"பக்கத்தில் ஆறே இல்லையே" என்பதுதான் வழக்கமான சமாதானம். 2007 கோடை வெள்ளத்தில் இங்கிலாந்தில் சுமார் 55,000 வீடுகளிலும் கட்டடங்களிலும் தண்ணீர் புகுந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஆறு உடைந்து வந்ததில்லை. பெய்த மழை சாக்கடைக்குள் இறங்க இடமில்லாமல் தெருவில் ஓடி வந்தது.

இந்த மாதிரித் தண்ணீரை வானத்திலிருந்து படம் பிடிப்பது கஷ்டம். 2014 ஜனவரியில் சாமர்செட் வெள்ளப் படங்கள் ஞாபகம் இருக்கலாம்: மச்செல்னி கிராமம் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்து தீவாக நின்றது. அந்தப் பெயருக்கே பழைய ஆங்கிலத்தில் பெரிய தீவு என்றுதான் அர்த்தம். அங்கே தண்ணீர் வாரக்கணக்கில் நின்றது, அதனால் நிதானமாகப் பறந்து படம் எடுக்க முடிந்தது. 2021 ஜூலையில் லண்டனில் வந்தது வேற வகை. சில மணி நேரத்தில் ரோடு நிரம்பி, வடிந்தும் போச்சு. மேகம் விலகி விமானம் கிளம்புவதற்குள் படம் எடுக்க ஒண்ணும் மிச்சமிருக்காது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள்கள் இருக்கு. ஆனால் நெருக்கமான வீடுகளுக்கு நடுவே ரேடார் அலை சுவரில் பட்டுத் தெறித்துக் குழம்பிவிடும்.

அதனால் ஊருக்குள் வெள்ள ஆபத்தைக் கணக்கிட, தண்ணீரைப் படம் பிடிப்பதைவிட மண்ணின் உயரத்தை அளப்பதுதான் உதவும். விமானத்திலிருந்து லேசர் கதிரை அடிச்சு, அது தரையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்த்து உயரம் சொல்லும் லைடார் முறை அதைச் செய்யுது. என்விரான்மென்ட் ஏஜென்சி இந்தத் தரவை 2015-லிருந்து இலவசமாகவே தருது. ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி. மரம், கூரையெல்லாம் இருக்கும் வடிவம் ஒண்ணு, அதையெல்லாம் கழிச்சு வெறும் தரை மட்டும் இருக்கும் வடிவம் இன்னொண்ணு. இரண்டாவதைத் திறந்து பார்த்தால் நடக்கும்போது தெரியாத சரிவெல்லாம் தெரியும். மட்டமான தெருன்னு நாம நினைச்சது ஒரு பழைய ஓடையின் படுகையாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை சொல்லணும். இந்த உயரக் கணக்கில் சுமார் 15 சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். உங்க வீட்டு வாசப்படியின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தண்ணீர் படியோடு நிற்குமா, ஹாலுக்குள் வருமான்னு அந்தப் படத்தால் சொல்ல முடியாது. ரோட்டுக்கு அடியில் ஓடும் குழாயும் லேசர் கண்ணுக்குத் தெரியாது. போஸ்ட்கோடு போட்டால் வரும் அரசு வரைபடமும் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியின் ஆபத்தைத்தான் காட்டுது, வீட்டின் ஆபத்தை இல்லை. இதை அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்காங்க, நாமதான் தாண்டிப் போயிடறோம்.

அதில் 'ஹை', 'மீடியம்' என்று வருவதை வெறும் வார்த்தையாக எடுத்துக்காதீங்க. 'ஹை' என்றால் வருஷத்துக்கு 3.3 சதவீதத்துக்கு மேல். 25 வருஷ மார்ட்கேஜுக்குக் கணக்குப் போட்டால், கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது தண்ணீர் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் போகுது. வருஷத்துக்கு 1 சதவீதம் என்றாலும் அதே 25 வருஷத்தில் 22 சதவீதம் ஆகிடும்.

உயரத்துக்கு அடுத்தபடி காலம். நேஷனல் லைப்ரரி ஆஃப் ஸ்காட்லாந்தின் இணையதளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தையும் இன்றைய வான்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்துக்கும் உண்டு, காசு கிடையாது. நான் யார் கேட்டாலும் முதலில் அனுப்புவது அந்த லிங்க்தான். பல வயல்களின் மேல் 'லையபிள் டு ஃப்ளட்ஸ்' என்று அச்சடிச்சே வைத்திருக்காங்க. அதே இடத்தில் இன்று கலர் கலராகப் புது வீடுகள். சென்னைக்காரர்களுக்கு இது புதுசில்லை. தி.நகர் 1920களில் தூர்த்த ஏரிமேல் எழுந்த ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கு, லேக் இல்லை.

புது வீடு வாங்கறவங்க கவனிக்க வேண்டியது இங்கேதான். வெள்ள ஆபத்துள்ள இடத்திலும் கட்டுப்படியாகும் விலையில் இன்ஷூரன்ஸ் கிடைக்கட்டும்னு 2016-இல் 'ஃப்ளட் ரீ' திட்டம் வந்தது. ஆனால் 2009 ஜனவரி 1-லிருந்து கட்டிய வீடுகளுக்கு அது கிடையாது. ஆபத்தான இடத்தில் இனிமேல் யாரும் கட்டாதீங்க என்பதற்காக வைத்த தேதி. கட்டறவங்க நிறுத்தலை. அதே ஆபத்துள்ள இடத்தில் இருக்கும் 1930களின் செமிக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு, பத்து வருஷ எஸ்டேட் வீட்டுக்கு இல்லை. அதனால் ஆஃபர் போடுவதற்கு முன்னாடியே அந்த முகவரிக்கு ஒரு இன்ஷூரன்ஸ் விலை கேட்டுப் பாருங்க. நான் பார்த்த எந்த வரைபடத்தையும்விட அந்த எண் வெளிப்படையாகப் பேசும்.

ஏற்கெனவே வீடு வாங்கிட்டோமேன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். லீட்ஸ் நகரின் ஹால்ட்டன் பகுதியில் 1971-லும் 2004-லும் எடுத்த வான்படங்களை ஒப்பிட்டு ஒரு ஆய்வு செய்தாங்க. அந்த 33 வருஷத்தில் தண்ணீர் இறங்காத தரை 13 சதவீதம் கூடியிருந்தது. கூடியதில் முக்கால் பங்கு வீட்டு முன்தோட்டங்களைக் கல் போட்டு மூடியது. புது ரோடோ, கடையோ இல்லை. கார் நிறுத்த அவங்கவங்க செய்ததுதான். அதனால் வழிந்தோடும் மழைநீர் 12 சதவீதம் கூடும்னு கணக்கு வந்தது. நம்மவர்கள் அதிகம் இருக்கும் ஹாரோ, ஈஸ்ட்ஹாம் தெருக்களை வான்படத்தில் பாருங்க, பச்சை எவ்வளவு மிச்சம்னு எண்ணிடலாம். விருந்தாளி கார் நிறுத்தணுமேன்னு நாம சொல்ற காரணம் நியாயம்தான், தண்ணீருக்கு அது தெரியாது.

2008 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் முன்பக்கம் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தரை போட்டால், அந்தத் தண்ணீர் சொந்த மண்ணிலேயே வடிய வழி இல்லாதபட்சத்தில், பிளானிங் பெர்மிஷன் வேணும். சரளைக்கல்லோ, நீர் உறிஞ்சும் கல்லோ போட்டால் வேண்டாம். டிரைவ்வே போட வருபவர் இதைச் சொல்லாமலே விலை சொல்லுவார். கொட்டேஷனில் 'பெர்மியபிள்' என்ற வார்த்தை இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா எழுதித் தரச் சொல்லுங்க.