முதியோரைக் குறுக்கு விசாரணை செய்வதா?

சென்ற மாதம் மயிலாப்பூரில், நமக்குத் தொழில் கற்பித்த பழைய வக்கீல் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். நாற்பது வருஷ காலம் கோர்ட்டில் சாட்சிகளைத் திணற அடித்த அப்பெரியவர், இப்போது மறதி வியாதியால் பீடிக்கப்பட்டுக் கூடத்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். உள்ளே நுழைந்ததும் நாம் கேட்ட முதற் கேள்வி, "ஸார், என்னை யாரென்று தெரிகிறதா?" என்பதே. அவர் நம் முகத்தைப் பார்த்தார். மருமகளின் முகத்தைப் பார்த்தார். மேல்துண்டின் நுனியை முறுக்கத் தொடங்கினார். கூண்டில் அகப்பட்ட சாட்சிகள் அவ்விதம் விழிப்பதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அதை நம் ஆசானுக்கே செய்துவிட்டோம் என்று எண்ண வெட்கமாயிருக்கிறது.

இக்குற்றம் நம் ஒருவருடையதன்று. மாட வீதிகளிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் இத்தகைய முதியோர் உள்ள வீடுகளில் தினந்தோறும் இந்த விசாரணை நடந்து வருகிறது. "பேரன் பெயரைச் சொல்லுங்கள், பார்க்கலாம்." "இன்று என்ன கிழமை?" அமெரிக்காவிலிருந்து கைத்தொலைபேசித் திரையில் தோன்றும் குமாரரும் இதையே கேட்கிறார். விடை சரியானால் கைதட்டல், தவறினால், அவர் காது கேட்கவே, "ஐயோ, இதுவும் போய்விட்டதே!" என்ற பிரலாபம். அன்பினால் செய்வதுதான், ஆயினும் பரீட்சை பரீட்சையே.

1901-ஆம் ஆண்டில், பிராங்க்பர்ட் நகர ஆஸ்பத்திரியில் ஆல்ஸ்ஹைமர் என்ற வைத்தியர், அவுகுஸ்தே என்ற 51 வயது ஸ்திரீயிடம் பெயரைக் கேட்டார். "அவுகுஸ்தே" என்றாள். கணவர் பெயரைக் கேட்டார். அதற்கும் "அவுகுஸ்தே" என்றே விடை வந்தது. இந்த வியாதிக்கு அவ்வைத்தியரின் பெயரே பின்னர் வழங்கலாயிற்று. நோயைக் கண்டறிய அவர் அப்படிக் கேட்டது நியாயம். நோய் இன்னதென்று தெரிந்த பின்பு, காப்பி குடிக்க வந்த விருந்தினர் அதே கேள்வியைக் கேட்பானேன்?

1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் போய், 2024 ஜூலை முதல் புதுச் சட்டம் அமலில் இருக்கிறது. இவ்விஷயத்தில் விதி மாறவில்லை. எதிர்த்தரப்பார் ஆட்சேபித்தால், வக்கீல் தம் தரப்புச் சாட்சியிடம், விடையை உள்ளடக்கிய கேள்வியைக் கேட்கலாகாது. வீட்டில் இவ்விதியைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். விடையை நாமே கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவோம். "நான் உங்கள் தங்கை மகன், திருச்சியிலிருந்து வந்திருக்கிறேன்" என்று சொன்னால், பெரியவருக்கு மானம் மிஞ்சுகிறது. சித்த சுவாதீனம் குன்றியவரையும் அச்சட்டம் ஒரேயடியாகத் தள்ளிவிடுவதில்லை. கேள்வியை அறிந்து தக்க விடை சொல்ல வல்லவராயின், அவரும் சாட்சியே. வாய் பேச இயலாதவர் சைகையாலும் சாட்சியம் அளிக்கலாம். கோர்ட்டார் காட்டும் இந்தப் பொறுமையைக் குடும்பத்தார் காட்டலாகாதா? பெரியவர் வேஷ்டியைப் பிடித்து இழுத்தால் அதுவும் ஒரு வாக்குமூலம். சிறுநீர் உபாதையோ, வயிற்று வலியோ என்று பார்க்க வேண்டும்.

எதிரே, அவர் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். தொலைக்காட்சியை நிறுத்த வேண்டும். ஒரு சமயத்தில் ஒரே வாக்கியம், பிறகு காத்திருத்தல். அந்த அரை நிமிஷம் நமக்கு யுகமாகத் தோன்றும், குறிப்பாக வக்கீல்களுக்கு!

"வீட்டுக்குப் போக வேண்டும்" என்று சொந்த வீட்டிலேயே அவர் கேட்பது பலரையும் திகைக்க வைக்கிறது. "இதுதானே உங்கள் வீடு!" என்று அதட்டுவதால் பயனில்லை. அவர் கேட்கும் வீடு, திண்ணையும் கிணறுமாய் இருந்து, இடிபட்டு அடுக்குமாடியானதாக இருக்கலாம். அந்தத் திண்ணையைப் பற்றிக் கேளுங்கள். காலஞ்சென்ற மனைவியைத் தேடினால் என் செய்வது? இறந்த செய்தியைச் சொல்லுந்தோறும் அது அவருக்குப் புதுச் சாவு. பொய் சொல்லவும் நமக்கு மனம் ஒப்பவில்லை. "அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டதா? அவர் வைக்கும் ரசத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதில் பொய்யுமில்லை, கொடுமையுமில்லை.

2023-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நம் தேசத்தில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 100-க்கு 7 பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் ஜனங்கள் இந்நிலையில் இருக்கிறார்கள். இவ்வியாதியை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆகவே பேச்சே பெரும் சிகிச்சையாகிறது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கும் பிற ஆஸ்பத்திரிகளிலும், மருந்துச் சீட்டுடன் கூட, குடும்பத்தாரையும், கூலிக்குத் துணையிருக்கும் ஆயாமாரையும் உட்கார வைத்து, இம்முறைகளை ஒரு மணி நேரமாவது தமிழில் கற்பித்தே அனுப்ப வேண்டுமென்று சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மயிலாப்பூர் சென்றோம். நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஸார், நான் உங்கள் ஜூனியர், செங்கற்பட்டு வழக்குக்கு உங்களோடு ரயிலில் வந்தவன்" என்றோம். வெகு நேரம் மௌனம். பிறகு, "கட்டையெல்லாம் எடுத்துக்கொண்டாயா?" என்றார். எடுத்துக்கொண்டதாகச் சொன்னோம். அந்த ரயிலைப் பற்றியும், தாம்பரத்தில் வாங்கிய வடையைப் பற்றியும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.