பிளஸ் ஒன் வகுப்பைக் காப்பாற்றிக் கொடுங்கள்

மாண்புமிகு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பல ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இனி இல்லை என்ற அறிவிப்பை மனதார வரவேற்றேன். ஆனால் தேர்வை எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அந்தத் தேர்வைக் கொண்டுவந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2018 மார்ச்சில் முதன்முறையாக அது நடப்பதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பது ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மூட்டை கட்டிவைத்துவிட்டு, சேர்ந்த சில வாரங்களிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். ஒரே புத்தகத்தை இரண்டு ஆண்டு உருப்போட்ட பிள்ளைகள் 1200க்கு 1100, 1150 என்று வாங்கினார்கள். பிறகு பொறியியல் கல்லூரியின் முதலாண்டில் திணறினார்கள். நியூட்டனின் விதிகளும், வகை நுண்கணிதத்தின் அடிப்படையும் அவர்கள் தாண்டி வந்த அந்தப் பதினொன்றாம் வகுப்பில் அல்லவா இருந்தன? நீட் வந்தபோது இந்த ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அதை அடைக்கத்தான் பொதுத்தேர்வு வந்தது, அடைக்கவும் செய்தது. அதற்குப் பிள்ளைகள் கொடுத்த விலைதான் அதிகம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் மூச்சுவிட இடமில்லாமல் ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன், மாதிரித் தேர்வு. தவறிய பாடத்தை அரியராகச் சுமந்துகொண்டு பிளஸ் டூ படித்த பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது அந்த ஆண்டு மறுபடியும் திறந்துகிடக்கிறது. அதில் யார் குடியேறப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை. பழைய வழக்கம் திரும்பிவந்தால், தேர்வு இருந்த காலமே மேல் என்று பெற்றோர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்று வகுப்பறையில் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படிப்பு என்பது வீட்டாருக்காகவும் வாத்தியாருக்காகவும் செய்கிற வேலை. பிளஸ் ஒன்னில்தான், குரூப் எடுத்து உட்கார்ந்த பிறகு, 'இது எனக்கு எதற்கு?' என்ற கேள்வி முதன்முதலாக எழுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொற்பொழிவால் கிடைப்பதில்லை. ஒரு பொருளைக் கையில் எடுத்து, அது ஏன் அப்படி நடக்கிறது என்று தானே கண்டுபிடிக்கும்போது கிடைக்கிறது.

தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன் இயற்பியல் செய்முறையில் இருப்பதிலேயே எளியது. நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை எடுத்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்று எல்லாருக்கும் முன்னமே தெரியும். அதனால் ரெக்கார்டு நோட்டுகளில் 9.8ஐ ஒட்டியே விடை இருக்கும். அக்காவின் நோட்டிலிருந்து தங்கையின் நோட்டுக்கு அப்படியே இறங்கி வந்திருக்கும். ஒரு மாணவி மட்டும் தான் எடுத்த அளவுகளை மாற்றாமல் கணக்குப் போட்டாள். 10.8 வந்தது. மறுபடியும் செய்தாள். அதே 10.8. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "எங்க சார் தப்பு?" என்று கேட்டாள்.

நான் சொல்லவில்லை. இன்னொரு முறை செய், எண்ணும்போது வாய்விட்டு எண்ணு என்றேன். குண்டைக் கையிலிருந்து விட்ட நொடியே 'ஒன்று' என்றாள். பக்கத்தில் நின்ற தோழி, "ஏய், இன்னும் ஒரு தடவைகூட ஆடி முடியலையே!" என்றாள். அவ்வளவுதான். விடும்போது பூஜ்ஜியம் என்று தொடங்க வேண்டும். ஒன்று என்று தொடங்கி இருபதில் நிறுத்தினால் நடந்து முடிந்திருப்பது 19 அலைவுகள். அந்த நேரத்தை 20ஆல் வகுத்தால் அலைவு நேரம் குறைந்துவிடும். சூத்திரத்தில் அதன் வர்க்கம் கீழே நிற்பதால் விடை பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். இதை நான் விளக்கவே இல்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து 20ஐ 19ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 9.8ஆல் பெருக்கி என்னிடம் நோட்டை நீட்டினாள். 10.86. மணி அடித்த பிறகும் போக மனமில்லை. நூலின் நீளத்தைக் கொக்கி வரை அளப்பதா, குண்டின் நடு வரை அளப்பதா என்று தோழியோடு வாதம் செய்துகொண்டிருந்தாள்.

அமைச்சர் அவர்களே, மதிப்பெண் கணக்கில் அந்த மாலை நேரத்துக்கு எந்தப் பயனும் கிடையாது. ஆனால் அதன் பிறகு அந்தப் பெண் படித்த விதமே மாறிவிட்டது. புத்தகத்தில் ஒரு சமன்பாடு வந்தால், இது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டாள்.

அறிவியல் குரூப்புக்கு மட்டும் இது நேரும் என்று நினைக்க வேண்டாம். கணக்குப்பதிவியல் ஆசிரியை ஒருவர் தம் மாணவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவன் அப்பா டீக்கடை வைத்திருக்கிறார். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று வகுப்பில் படித்ததை வைத்துக் கடையின் ஒரு மாதக் கணக்கை எழுதிப் பார்த்திருக்கிறான். கல்லாவில் பணமில்லை என்பதால் கடை நட்டத்தில் ஓடுகிறது என்று வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் லாபம் இருந்தது. அது முழுக்க வாடிக்கையாளர்களின் கடன் பாக்கியாக வெளியே நின்றது. லாபம் வேறு, கையிருப்பு வேறு என்ற ஒரு பாடத்தை அவன் இனி எந்தத் தேர்விலும் மறக்கமாட்டான்.

இப்படிப்பட்ட படிப்புக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022இல் தொடங்கிய வானவில் மன்றம் நல்ல திட்டம்; அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் சோதனைப் பொருளைக் கொடுக்கிறது. ஆனால் அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் போகப் போகத் தேர்ச்சி விழுக்காடு என்ற ஒரே பேச்சுதான். பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் உருவாகி 2018இல் பிளஸ் ஒன்னுக்கு வந்த புதிய பாடநூல்கள் உண்மையில் அருமையானவை. அவற்றின் கனத்துக்கு ஏற்ற நேரம் மட்டும் ஆசிரியருக்குக் கிடைக்கவில்லை. ஓடி ஓடிப் போர்ஷன் முடிக்கிற வகுப்பில் எந்தப் பிள்ளை எழுந்து 'ஏன்' என்று கேட்கும்?

ஆகவே கேட்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் நடத்தக் கூடாது என்று தனியார் பள்ளிகளுக்கும் சேர்த்துக் கண்டிப்பாக ஆணையிடுங்கள். காகிதத்தில் ஆணை இருந்தால் போதாது. முதன்மைக் கல்வி அலுவலர்கள் ஆய்வுக்குப் போகும்போது தேர்ச்சிப் பட்டியலைக் கேட்பதற்கு முன் பிளஸ் ஒன் ஆய்வகத்துக்குள் நுழையட்டும். ஒரு மாணவரின் அப்சர்வேஷன் நோட்டை வாங்கி, அடித்தல் திருத்தல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அடித்தலே இல்லாத நோட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். பொதுத்தேர்வு போன இடத்தில் மாவட்ட அளவில் மாதத் தேர்வு, வாரத் தேர்வு என்று வேறொரு நுகத்தடியைக் கொண்டுவந்து வைக்கவும் அனுமதிக்காதீர்கள். நூலகப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரோ என் போன்ற இயற்பியல் ஆசிரியரோ கடன் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்பது நடைமுறை. அந்த 20இல் சில மதிப்பெண்களை, விடை ஏன் விலகி வந்தது என்று மாணவர் தம் சொந்த நடையில் எழுதுவதற்கு ஒதுக்க முடியும். 10.8 என்று எழுதிக் காரணமும் சொன்ன பிள்ளை, 9.8 என்று பார்த்தெழுதிய பிள்ளையைவிடக் குறைவாக வாங்கும் நிலை இருக்கிறவரை ரெக்கார்டு நோட்டுகள் வீடு மாறிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னும் ஒன்று. ஆண்டுக்கு ஒரு சோதனையையாவது, ஒரு கள ஆய்வையாவது, பட்டியலில் இல்லாததாக, மாணவரே தேர்ந்தெடுத்துச் செய்ய இடம் கொடுங்கள். தெருக்குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பதாக இருக்கட்டும், ஊர்ப் பெயர்களின் வரலாறாக இருக்கட்டும். அதற்கு மதிப்பெண் வேண்டாம். நேரமும், கூட நிற்க ஓர் ஆசிரியரும் போதும். வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இதற்கான சுற்றறிக்கை வந்துவிட்டால், இந்த ஆண்டு சேரும் பிள்ளைகளுக்கே அது கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியர்