மின்சாரக் கசிவு

மணிமுத்தாறு அணையில் நீர் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் மின்சாரம் கசிந்தால் தெரிவதில்லை. பக்கத்துப் பாபநாசத்தில் 1944-ல் மின்சாரம் பிறந்தது முதல் நாம் நம்பிவந்த பியூஸ், கம்பியைக் காக்குமேயன்றி மனிதனைக் காக்காது. கடையில் ஆர்.சி.சி.பி. என்று விற்கும் கசிவுக் காப்பானோ, சென்ற மின்னோட்டம் முழுதும் திரும்பிற்றா என்று கணக்குப் பார்த்து, 30 மில்லியாம்பியர் குறைந்தாலே தொடர்பைத் துண்டித்துவிடும். 300 என்று பொறித்தது தீயைத் தடுக்கவே. குழந்தை கைவைத்தால் உதவாது.

இதிலும் இனங்கள் உண்டு. மலிவான 'ஏசி' இனம் அலையாய் வரும் கசிவை மட்டுமே அறியும். சலவை யந்திரம் போன்றவற்றிலிருந்து துடிப்பாய் வரும் நேர்மின் கசிவுக்கு 'ஏ' இனமே தகுந்தது. சீரான நேர்மின் கசிவுக்கு 'பி'. எல்லாம் ஒன்றுதான் என்பார் கடைக்காரர், நாம் நம்புவதற்கில்லை. முகப்பில் அலைக்குறி மட்டும் இருந்தால் அது 'ஏசி'. சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்கவேண்டும். மரப்பலகைமேல் நின்று இரு கம்பிகளையும் ஒருங்கே பற்றினவரை மட்டும் எவ்வினமும் காவாது.