விட்டுக்கொடுத்த ஞாயிறு

கொள்கைக்காக ஒன்றை இழப்பது அரிது. அன்பிற்காக அக்கொள்கையையே தளர்த்துவது அதனினும் அரிது. இவ்விரண்டையும் தம் வாழ்வில் செய்துகாட்டியவர் ஸ்கொட்லாந்து றக்பி வீரர் எரிக் லிடல்.

1902ஆம் ஆண்டு சீனாவின் தியன்சின் நகரில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த இவர், எடின்பரோ பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது, 1922, 1923ஆம் ஆண்டுகளில் 7 சர்வதேசப் போட்டிகளில் ஸ்கொட்லாந்து அணிக்காக விளையாடினார். ஊதியம் எதுவுமில்லை, யூனியன் றக்பி 1995 வரை ஊதியமற்ற ஆட்டமாகவே இருந்தது. அணியில் நிலையான இடம் பெற்றிருந்த வேளையிலேயே, ஒலிம்பிக் ஓட்டத்திற்கு ஆயத்தமாவதற்காக அவர் றக்பியைத் துறந்தார்.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், அவருக்கு மிகவும் கைவந்த 100 மீற்றர் ஓட்டத்தின் தகுதிகாண் சுற்றுகள் ஞாயிற்றுக்கிழமையில் குறிக்கப்பட்டிருந்தன. ஆண்டவரின் நாளில் ஓடுவதில்லை என்ற உறுதியோடு அதிலிருந்து விலகினார். பின்னர் 400 மீற்றர் ஓட்டத்தை 47.6 செக்கன்களில் முடித்துத் தங்கம் வென்றார். மறு ஆண்டே, புகழைப் பின்னே விட்டு, ஆசிரியப் பணிக்காகச் சீனா சென்றார்.

இக்கதையைப் பலர் அறிவர். அதன் பிற்பகுதியை அறிந்தோர் சிலரே.

1943இல் ஜப்பானியர் அவரை வெய்சியன் தடுப்பு முகாமில் அடைத்தனர். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் அங்கிருந்தனர். லிடல் அவர்களுக்குக் கற்பித்தார். விளையாட்டுகளை ஒழுங்கு செய்தார். ஞாயிறன்று மட்டும் விளையாட்டு இல்லை. ஆயினும், ஒரு ஞாயிறு இளையோர் தாமாகவே ஹொக்கி ஆடினர். நடுவரில்லாத ஆட்டம் கைகலப்பில் முடிந்தது. அடுத்து வந்த ஞாயிறு, லிடல் தாமே நடுவராக மைதானத்தில் இறங்கினார்.

அன்பார்ந்தவர்களே, இது தடுமாற்றமா? அன்று. பாரிஸில் ஞாயிறைக் காத்ததால் இழப்பு அவருக்கு மட்டுமே. முகாமில் அதே விதியைப் பற்றிக்கொண்டிருந்தால், இழப்பு அந்தப் பிள்ளைகளுக்கு. தமக்கு வரும் இழப்பை ஏற்ற மனிதர், தம் பக்தியின் விலையைப் பிறர் செலுத்த இசையவில்லை. ஓய்வுநாளில் நோயாளரைக் குணமாக்கிய ஆண்டவரின் வழியும் இதுவன்றோ!

1945 பெப்ரவரி 21ஆம் திகதி, விடுதலைக்குச் சில மாதங்கள் முன்னர், மூளைக் கட்டியினால் அம்முகாமிலேயே அவர் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 43.

நமது நோன்புகளும் நியமங்களும் நல்லவையே. அவற்றின் சுமை யார் தோளில் இறங்குகின்றது என்பதை இவ்வாரம் நம் இல்லங்களில் சற்று எண்ணிப் பார்ப்போம்.