ஆடு உனக்கு, மாடு எனக்கு, புள்ளை?

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல ஒரு நண்பர் திருவாய் மலர்ந்தார்: "புருஷன் இல்லாம தனியா இருக்கிறவளுக்கெல்லாம் கவர்மெண்ட் காசு கொடுத்தா, அப்புறம் எவ ஒழுங்கா குடும்பம் நடத்துவா?" அப்ப எனக்கு வாயில பதில் வரலை. (எனக்கு எப்பவுமே ராத்திரி பதினொரு மணிக்குத்தான் பதில் வரும்.) இதோ எழுதிடறேன்.

திருப்பத்தூர்ல இருந்து ஜவ்வாது மலை ஏறினா புதூர்நாடு. அங்க இருக்கிறவங்க பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். கேரளாக்காரங்க இல்லைங்க, தமிழ் பேசுற மலைவாசிகள். சாமையும் புளியும் சோறு போடாத மாசங்கள்ல கேரளா, கர்நாடகான்னு கூலி வேலைக்குக் கிளம்பிடுவாங்க. போனவங்க சிலர் திரும்பறதில்லை.

ரெண்டு வருஷம் முன்னாடி காலேஜ் தோஸ்துங்க ஆறு பேர் காசு போட்டு, கணவர் பிரிஞ்சு போன ஒரு அக்காவுக்குத் தையல் மெஷின் கொண்டுபோய்க் கொடுத்தோம். போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. கிளம்புற நேரத்துல, கதவோரம் நின்ன எட்டு வயசுப் பொண்ணுகிட்ட சும்மா கேட்டேன், "உனக்கு என்ன பாப்பா வேணும்?"

"தம்பியைப் பார்க்கணும்."

விசாரிச்சா, பெரியவங்க உக்காந்து ஆடு, பாத்திரம், கல்யாணச் செலவுன்னு சுத்தமா கணக்குத் தீர்த்திருக்காங்க. அதே கணக்குல பையன் அப்பா வீட்டுக்கு, பொண்ணு அம்மா வீட்டுக்கு. அடுத்த ஊர்தான். ஒன்றரை வருஷமா அக்காவும் தம்பியும் பார்த்துக்கலை. ஆட்டைப் பிரிச்ச மாதிரி பிரிச்சிருக்காங்க. உதவி செய்யப் போன நாங்களும் அந்தப் பொண்ணைக் கேட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் செருப்பு மாட்டும்போது.

உடனே "மலைக்காரங்க அப்படித்தான்"னு ஆரம்பிச்சுடாதீங்க. கீழ இருக்கிற நாம மட்டும் என்ன கிழிச்சோம்? 1890-ம் வருஷத்து காப்பாளர் சட்டத்தின் 17-வது பிரிவே குழந்தையோட நலனைத்தான் பார்க்கச் சொல்லுது. விவரம் தெரிஞ்ச குழந்தைன்னா அதோட விருப்பத்தையும் கோர்ட் கேட்கலாம்னு சொல்லுது. அப்படி இருந்தும் ஈகோ சண்டைக்குப் புள்ளையை ஆயுதமாக்குற படிச்ச ஜோடிகள் உங்க ஆபீஸ்லயும் இருப்பாங்க, என் ஆபீஸ்லயும் இருக்காங்க.

இப்ப அரசாங்கத்துக்கு வர்றேன். கைவிடப்பட்ட பெண்களுக்கான நம்ம மாநில ஓய்வூதியத்துக்கு 30 வயசு ஆகியிருக்கணும். சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்கணும், இல்லேன்னா கோர்ட் கொடுத்த பிரிவுச் சான்று வேணும், அதுவும் இல்லேன்னா கைவிட்டு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும். புதூர்நாட்டு அக்கா விவாகரத்துப் பத்திரத்துக்கு எங்க போவாங்க? 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டமே, மத்திய அரசு தனியா அறிவிச்சா ஒழிய பழங்குடிகளுக்குப் பொருந்தாது. அவங்களுக்கு வழக்கம்தான் சட்டம், பெரியவங்க பேச்சுதான் தீர்ப்பு. ஆக, மிச்சம் இருக்கிறது அஞ்சு வருஷக் காத்திருப்பு.

கணக்குப் போடுங்க. 23 வயசு அம்மா, கையில ரெண்டு வயசுக் குழந்தை. அம்மாவுக்கு 30 ஆகும்போது புள்ளைக்கு ஒன்பது. பால் குடிக்க வேண்டிய வயசும் போச்சு, பள்ளிக்கூடம் சேர்ற வயசும் போச்சு.

நம்ம தொழில் பாஷையில சொன்னா, இந்த டேபிளோட ப்ரைமரி கீ கல்யாணம். அது உடைஞ்சுதா, எப்ப உடைஞ்சது, யார் உடைச்சான்னுதான் எல்லா காலமும் கேட்குது. ப்ரைமரி கீயா குழந்தையை வைங்கய்யா!

முடியாதா என்ன? மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல, கணவனை இழந்த, விவாகரத்தான, குடும்பத்தால் கைவிடப்பட்ட அம்மாக்களோட குழந்தைக்கு மாசம் 4,000 ரூபாய்க்கு வழி இருக்கு. கிராமத்துல குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள்ள இருக்கணும். குழந்தை பேரைச் சொல்லித் திட்டம் போட முடியும்னு இதுவே காட்டுது. ஆனா அதை மலை இறங்கிப் போய் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கேட்கணும்னு அந்த அக்காவுக்கு யார் சொல்றது?

நான் கேட்கிறது மூணே மூணு:

1. கையில குழந்தை இருக்கிற அம்மாவுக்கு 30 வயசு, அஞ்சு வருஷம் ரெண்டு நிபந்தனையும் எடுங்க.

2. வாத்சல்யா விண்ணப்பத்தை அம்மா தேடிப் போகக் கூடாது, பள்ளிக்கூடமே எழுதி அனுப்பணும். அப்பா இல்லாத புள்ளை எதுன்னு டீச்சருக்குத் தெரியாதா?

3. பெரியவங்க பஞ்சாயத்தோ, கோர்ட்டோ, எங்களை மாதிரி வீக்கெண்ட் வள்ளல்களோ, யாரா இருந்தாலும் முதல் கேள்வி குழந்தைகிட்ட. கூடப் பிறந்தவங்களைப் பிரிக்காதீங்க. பிரிச்சே ஆகணும்னா சந்திக்கிற நாளையும் அங்கேயே முடிவு பண்ணுங்க.

கேண்டீன் நண்பரே, காசு கொடுத்தா குடும்பம் உடையும்னீங்களே, அந்தக் குடும்பம் ஏற்கனவே உடைஞ்சாச்சு. உடைச்சது அந்த எட்டு வயசுப் பொண்ணு இல்லை. அபராதத்தை மட்டும் ஏன் அவகிட்ட வசூல் பண்றீங்க?

டிஸ்கி: தையல் மெஷின் நல்லா ஓடுதாம். அக்காவும் தம்பியும் இன்னும் பார்த்துக்கலை. அடுத்த மாசம் மறுபடி போறோம். இந்தத் தடவை முதல்ல தம்பி வீட்டுக்கு.