நட்டத்திலும் பங்கு வேண்டும்

வட்டியை விலக்கிவிட்டோம் எனக் கூறுவது எளிது. அவ்விடத்தில் நீதியை நிலைநாட்டுவதே அரிது. ஷரீஅத் முறை நிதியுதவி என்னும் பெயரில் சிறுவணிகர்க்கு வழங்கப்பெறும் தொகை அப்பெயர்க்கு உரியதுதானா என்றறிய ஓர் உரைகல் உண்டு. வணிகம் நட்டமுறும்போது முதல் தந்தவர் என் செய்கிறார் என்பதே அது.

முளாரபா என்னும் கூட்டுமுறையில் ஒருவர் முதல் தருவார், மற்றவர் உழைப்பார். இலாபம், முன்னரே உடன்பட்ட விகிதப்படி பகிரப்படும். நட்டம் நேரின் அது முதலுடையவரையே சாரும். உழைத்தவர் தம் உழைப்பின் பயனை இழப்பார். அவரது அலட்சியமோ மோசடியோ காரணமாயின் மட்டுமே அவர் ஈடுசெய்ய வேண்டும். அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்தில் வணிகம் புரிந்த வரலாறு இம்முறைக்கு முன்மாதிரியாகும். மாதந்தோறும் இன்ன தொகை தந்தேயாக வேண்டும் என முதல் தந்தவர் வரையறுப்பின், பெயர் மாறினும் அது வட்டியே.

1963-ஆம் ஆண்டு எகிப்தின் மித் கம்ர் நகரில் டாக்டர் அஹ்மத் அந்நஜ்ஜார் நிறுவிய சேமிப்பு வங்கி, எளியோர் சேமிப்பைத் திரட்டி, வட்டியில்லாக் கடனும் இலாபப் பங்கு முதலீடும் வழங்கியது. 1967-இல் அம்முயற்சி முடிவுற்றது. எனினும் அதன்பின் பல நாடுகளில் இத்தகைய நிறுவனங்கள் தோன்றின. ஆயின் அவற்றுட் பல, இலாபப் பங்கை விடுத்து, பொருளை வாங்கி விலையேற்றித் தவணைக்கு விற்பதையே பெரிதும் கைக்கொண்டன. வங்காளதேசத்தில் 1995-இல் இஸ்லாமி வங்கி தொடங்கிய ஊரக வளர்ச்சித் திட்டமும் பெரும்பாலும் அவ்வழியே சென்றது. பொருள் மெய்யாகவே வாங்கி விற்கப்படின் அது ஆகுமானதே. ஆயினும் வணிகம் நொடித்தால், சுமை முழுதும் ஏழை வணிகர் தோளிலேயே தங்குகிறது.

முதல் தருவோர் பங்குமுறைக்கு அஞ்சுவது ஏன்? சிறுவணிகரிடம் நம்பத்தக்க கணக்கேடு இல்லை. இலாபத்தை அளக்க வழியில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) பணித்திருக்க, நாம் வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

நம் ஜமாஅத்துகள் பைத்துல்மாலில் ஜகாத் நீங்கலான ஒரு சிறு பகுதியை, கொடையாளர் இசைவுடன், முளாரபா முதலாக ஒதுக்கட்டும். வணிகவியல் மாணவர் வாரந்தோறும் கடைக்கணக்கை எழுத உதவட்டும். தமிழ் மாணவர், பாமரரும் படித்துணரும் தமிழில் ஒப்பந்தங்களை வரையட்டும். நட்டம் வரும் நாளில் முதல் தந்தோர் முகஞ்சுளியாது அதனை ஏற்கட்டும். அன்றுதான் வட்டி நம்மிடமிருந்து விலகியதாகும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!