ஊருக்கு டிக்கெட் போடும் முன் ஹெல்த் பாலிசி போடுங்க

வெளிநாட்டுல உழைச்சு, 45 - 50 வயசுலயே வேலைக்கு முழுக்குப் போட்டுட்டு தமிழ்நாட்டுல வந்து செட்டில் ஆகணும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கிற சொந்தங்களுக்கு இந்த நீண்ட இழை.

வீடு, பிள்ளைகள் படிப்பு, எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் உங்க எக்ஸெல் ஷீட்ல இருக்கும். மருத்துவத்துக்குன்னு ஒரு வரி இருக்கா? இருந்தா அதுல என்ன எண் போட்டிருக்கீங்க?

1/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்தியாவுக்கான மருத்துவக் காப்பீட்டை ஊருக்கு வந்து, பால் காய்ச்சி, சாவகாசமா எடுக்கக் கூடாது. வர்றதுக்குக் குறைஞ்சது 3 வருஷம் முன்னாடியே, உடம்பு நல்லா இருக்கும்போதே, அங்க கம்பெனி காப்பீடு ஓடிட்டு இருக்கும்போதே எடுத்துடணும்.

ஏன் 3 வருஷம்? பார்ப்போம்.

2/
முதல்ல, அங்க இருக்கிற காப்பீடு இங்க வருமா?

வளைகுடா: உங்க கார்டு கம்பெனியோடயும் விசாவோடயும் கட்டப்பட்டது. வேலை முடிஞ்சு விசா கேன்சல் ஆனா கார்டும் முடிஞ்சது. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போனவங்க எடுத்திருக்கிற பிரவாசி பாரதிய பீமா யோஜனா வெளிநாட்டு வேலைக் காலத்துக்கானது. ஓய்வுக்கால வைத்தியத்துக்கு அதை நம்ப முடியாது.

3/
அமெரிக்கா: 65 வயசுல வர்ற மெடிகேர், பொதுவா அமெரிக்காவுக்கு வெளியே நடக்கிற சிகிச்சைக்குப் பணம் தராது. 10 வருஷம் வரி கட்டி வேலை பார்த்திருந்தா பார்ட் ஏ பிரீமியம் இல்லாம கிடைக்கும். ஆனா அதைப் பயன்படுத்த விமானம் ஏறி அங்க போகணும்.

பார்ட் பி-யை உரிய நேரத்துல எடுக்காம விட்டா, தாமதிக்கிற ஒவ்வொரு முழு 12 மாசத்துக்கும் பிரீமியத்துல 10% அபராதம் ஏறும். "வயசான காலத்துல பிள்ளைங்ககிட்ட திரும்பப் போனாலும் போவோம்"னு நினைக்கிறவங்க இதை 65-க்கு முன்னாடியே யோசிச்சு முடிவெடுங்க.

4/
பிரிட்டன்: என்எச்எஸ் உரிமை பாஸ்போர்ட்டை வச்சு வர்றதில்ல, அங்க குடியிருக்கிறதை வச்சு வர்றது. நிரந்தரமா கிளம்பிட்டா இலவச மருத்துவமனை சிகிச்சைக்கான உரிமையும் பொதுவா போயிடும்.

சிங்கப்பூர்: மெடிஷீல்ட் லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில இருந்தவங்களுக்கு அது கிடையாது.

ஆக, எந்த நாட்டுல இருந்து வந்தாலும் விமான நிலையத்துல இறங்கும்போது பெரும்பாலும் வெறுங்கைதான்.

5/
"ஊர்ல அரசுத் திட்டம் இருக்கே டாக்டர்?"

இருக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். தினமும் எங்க ஆஸ்பத்திரியில அதுல ஆபரேஷன் நடக்குது. ஆனா குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். வட்டியிலயும் வாடகையிலயும் வாழத் திட்டமிட்டு வர்ற உங்களுக்கு அது பொருந்தாது, பொருந்தவும் கூடாது.

மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா வருமானம் பார்க்காம 5 லட்சம் வரை தர்ற திட்டம். ஆனா 70 வயசு நிறைஞ்சிருக்கணும். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவங்க ஓசிஐ அட்டையை நம்பி இதையெல்லாம் கணக்குல சேர்க்காதீங்க.

6/
இப்ப ஒரு பேப்பர் எடுத்துக் கோடு போடுங்க. இடது ஓரத்துல 47, கம்பெனி காப்பீடு முடியற வயசு. வலது ஓரத்துல 70, வய வந்தனா தொடங்கற வயசு. நடுவுல 23 வருஷம் யாருமில்ல.

அந்த 23 வருஷம்தான் எங்க வார்டுகள் நிரம்புற வயசு. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் எல்லாம் நான் அதிகம் பார்க்கிறது இந்த இடைவெளியிலதான். சீக்கிரம் ஓய்வு பெறுவோர் கணக்குல பெரிய ஓட்டை இதுதான்னு நினைக்கிறேன்.

7/
"எனக்கு ஒண்ணும் இல்லையே, தினம் 5 கிலோமீட்டர் ஓடறேன்."

சந்தோஷம், தொடர்ந்து ஓடுங்க. ஆனா 2023-ல வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வைப் பாருங்க. நாட்டுல வளர்ந்தோர்ல 11.4% பேருக்கு நீரிழிவு, இன்னும் 15.3% பேருக்கு அதுக்கு முந்தைய நிலை, 35.5% பேருக்கு ரத்தக்கொதிப்பு. இது எல்லா வயசையும் சேர்த்த கணக்கு. 40-க்கு மேல மட்டும் எடுத்தா கூடத்தான் இருக்கும்.

உங்களுக்கு இன்னும் வரலைன்னா, பாலிசி எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

8/
இப்ப 3 வருஷக் கணக்குக்கு வர்றேன். பாலிசி எடுத்த அன்னைக்கே எல்லாத்துக்கும் பணம் கிடைச்சுடாது.

முதல் 30 நாள்: விபத்து தவிர வேற எதுக்கும் கிடையாது.

முதல் 2 வருஷம் (சில பாலிசியில 3): கண்புரை, குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று மாதிரியான பட்டியலிட்ட சிகிச்சைகளுக்குக் கிடையாது.

ஏற்கனவே இருக்கிற நோய்: அதிகபட்சம் 3 வருஷம் காத்திருக்கணும். முன்னாடி இது 4 வருஷமா இருந்துச்சு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல குறைச்சது.

9/
இன்னொரு கடிகாரமும் ஓடும். தொடர்ந்து 5 வருஷம் பாலிசியைப் புதுப்பிச்சுட்டே வந்தா, "நீ அன்னைக்கு இதைச் சொல்லலை"ன்னு காரணம் காட்டி கம்பெனி க்ளெய்மை மறுக்க முடியாது. மோசடின்னு நிரூபிச்சா மட்டும்தான் மறுக்கலாம். இதுவும் முன்னாடி 8 வருஷமா இருந்தது.

இந்த ரெண்டு கடிகாரமும் நீங்க துபாய்ல இருந்தாலும் டல்லாஸ்ல இருந்தாலும் ஓடும். அங்க கம்பெனி காப்பீடு உங்களைப் பார்த்துக்கிற காலத்துலயே இங்க காத்திருப்புக் காலம் கரைஞ்சுடும். ஊர்ல வந்து இறங்கும்போது பாலிசி முழு பலத்தோட இருக்கும்.

10/
எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கேன். 20 வருஷத்துக்கு மேல வளைகுடாவுல இருந்துட்டு 48 வயசுல திரும்பினவர். ஊருக்கு வந்த 5-வது மாசம் நெஞ்சுவலி. அங்கயே சுகருக்கு மாத்திரை எடுத்துட்டு இருந்தார். பாலிசி? "வீட்டு வேலை முடியட்டும்னு இருந்தோம் சார்"னு அவர் மனைவி சொன்னாங்க.

உயிர் பிழைச்சார், அதுக்குத்தான் நாங்க இருக்கோம். ஆனா நல்லா ஆகி வீட்டுக்குப் போனதும் பாலிசி கேட்டு அலைஞ்சார். ஸ்டென்ட் வச்ச பிறகு ஒரு கம்பெனி மறுத்துடுச்சு. இன்னொண்ணு பிரீமியத்தை ஏத்தி, 3 வருஷம் காத்திருக்கச் சொன்னது. ஒரு வருஷம் முன்னாடி சுகரை மட்டும் சொல்லி எடுத்திருந்தா அவர் நிலைமை வேற.

11/
"அந்தப் பிரீமியப் பணத்தை நானே முதலீடு பண்ணிக்கிறேனே?"

நல்ல வாதம்தான், மறுக்கலை. ஆனா நோய் உங்க முதலீடு வளர்ற வரைக்கும் காத்திருக்காது. ஓய்வு பெற்ற 2-வது வருஷமே ஐசியூல பத்து நாள் படுத்தா, சந்தை விழுந்து கிடக்கிற நேரத்துல ஃபண்டை விக்க வேண்டி வரும். சம்பளம் வர்றவங்க அந்தப் பள்ளத்தை நிரப்பிடுவாங்க. வேலையை விட்டவங்களுக்கு அது ரொம்பக் கஷ்டம்.

இந்தியாவுல வைத்தியம் மலிவுதான். லீவுல வந்து பல் கட்டிட்டுப் போறதுக்கு மலிவு. 20 வருஷ டயாலிசிஸுக்கு இல்ல.

12/
எவ்வளவுக்கு எடுக்கலாம்?

10 லட்சம் அடிப்படை பாலிசி, அதுக்கு மேல சூப்பர் டாப்-அப்னு எடுத்தா பிரீமியம் கட்டுப்படியாகும். வருஷத்தோட மொத்த பில் 10 லட்சத்தைத் தாண்டினா மீதியை சூப்பர் டாப்-அப் ஏத்துக்கும். வெறும் டாப்-அப் வேற, அது ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியாப் பார்க்கும். பெயர்ல ஏமாறாதீங்க.

தேவையான தொகையை முதல்லயே எடுங்க. பின்னாடி கூட்டினா, கூட்டின தொகைக்கு மட்டும் காத்திருப்புக் காலம் மறுபடி ஒண்ணுல இருந்து தொடங்கும்.

22.09.2025 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிக்கு 18% ஜிஎஸ்டியும் இல்ல.

13/
அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியா பாருங்க.

வரம்பு நாளுக்கு 5,000, நீங்க 10,000 ரூபாய் அறை எடுத்தீங்கன்னு வைங்க. "மீதி 5,000-ஐ நான் கட்டிக்கிறேன்"னு முடியாது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் மாதிரி அறையோட சேர்ந்த செலவையும் அதே விகிதத்துல பாதியா வெட்டலாம். அந்த வகையில 2 லட்சம் பில் வந்தா 1 லட்சம்தான் வரும். டிஸ்சார்ஜ் அன்னைக்கு கவுண்ட்டர்ல நடக்கிற சண்டைகள்ல இது ஒரு முக்கியக் காரணம்.

கூடவே கோ-பே எத்தனை சதவீதம், எந்த நோய்க்குத் தனி உச்சவரம்பு இருக்குன்னும் படிச்சுடுங்க. பிடிக்கலைன்னா 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்.

14/
ஒரு டாக்டரா கையெடுத்துக் கேட்டுக்கறேன், எதையும் மறைக்காதீங்க.

ஏஜெண்ட் "சுகரை எழுதாதீங்க, பிரீமியம் ஏறும்"னு சொல்லுவார். நாளைக்கு நீங்க அட்மிட் ஆகும்போது நாங்க கேட்கிற முதல் கேள்வியே "எத்தனை வருஷமா சுகர்?"தான். நீங்களோ உங்க மனைவியோ "8 வருஷமா"ன்னு சொல்லுவீங்க, நாங்க கேஸ் ஷீட்ல எழுதுவோம். அதை மாத்தி எழுதச் சொல்லிக் கெஞ்சுற குடும்பங்களை வாராவாரம் பார்க்கிறேன். எங்களால முடியாது. செய்யவும் மாட்டோம்.

15/
வெளிநாட்டு ரெக்கார்டுகளைக் கிளம்பும் முன்னாடியே வாங்கிக்கோங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ, பயாப்சி, பழைய எச்பிஏ1சி எல்லாம். அரபியில இருந்தா ஆங்கிலத்துல கேட்டு வாங்குங்க. மாத்திரையோட பிராண்ட் பெயர் இங்க வேற, அதனால மூலப்பெயரையும் அளவையும் எழுதி வைங்க. "அந்த மஞ்ச மாத்திரை சார்"னா எங்களுக்குத் தெரியாது.

16/
வீடு கட்டற இடத்தையும் மருத்துவக் கண்ணோட பாருங்க.

மாரடைப்புல ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை போகுது. பக்கவாதத்துல கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுக்கணும். அதனால கேட்கிறேன்: உங்க தோட்டத்து வீட்டுல இருந்து கேத் லேப் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ராத்திரி 2 மணிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அங்க உங்க பாலிசிக்கு கேஷ்லெஸ் உண்டா?

இல்லைன்னா முதல்ல கைப்பணம் கட்டி, பிறகு க்ளெய்ம் பண்ணணும். அதுக்குன்னு சில லட்சம் உடனே எடுக்கிற மாதிரி வைங்க.

17/
பாலிசி பார்க்காத செலவும் இருக்கு. மாசாமாசம் வாங்கற மாத்திரை, ரத்தப் பரிசோதனை, பல், கண்ணாடி, வீட்டுல பார்த்துக்கிற ஆள் இதெல்லாம் பெரும்பாலான பாலிசியில வராது. எக்ஸெல் ஷீட்ல தனி வரி போடுங்க.

18/
திரும்பி வந்ததும் பலர் கோட்டை விடற இடம் ஒண்ணு. என்ஆர்இ கணக்கை உள்ளூர்க் கணக்கா மாத்துவீங்க. அதுல போட்டிருந்த ஆட்டோ டெபிட் நின்னு போச்சான்னு பாருங்க. பிரீமியம் கட்ட ஒரு மாசம்தான் கூடுதல் அவகாசம். அது தாண்டினா இத்தனை வருஷம் சேர்த்த காத்திருப்புக் காலமெல்லாம் வீண். முகவரி, போன் நம்பரையும் மாத்திடுங்க.

க்ளெய்மை அநியாயமா மறுத்தா, முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார். ஒரு மாசத்துல தீரலைன்னா சென்னையில இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 50 லட்சம் வரை அவர் விசாரிக்கலாம், கட்டணம் இல்ல.

19/
கடைசியா எங்க வீட்டுக் கதவு பத்தி. அரசு மருத்துவமனைக்கு நீங்க எப்ப வேணா வரலாம். 108-ல கொண்டு வந்தா பாலிசி இருக்கா, பாஸ்போர்ட் எந்த நாடுன்னு கேட்டுட்டு நிக்க மாட்டோம். சுகர், பிரஷர் மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்றதுல எந்தக் கூச்சமும் வேண்டாம்.

ஆனா 23 வருஷத்துக்கும் அதை மட்டுமே திட்டமா வச்சுட்டு வராதீங்க. திட்டமிட்டுச் செய்யற ஆபரேஷனுக்கு இங்க வரிசை இருக்கு. அந்த வரிசையில நிக்கிறவங்கள்ல பலருக்கு வேற போக்கிடம் கிடையாது. உங்களுக்கு இருக்கு, 3 வருஷம் முன்னாடி யோசிச்சா.

20/
அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது முதல் வாரத்துலயே ரத்தப் பரிசோதனையும் பாலிசி விண்ணப்பமும் முடிச்சுடுங்க. மனைவி பெயரையும் சேர்த்து எடுங்க. கம்பெனி கேட்கிற மெடிக்கல் டெஸ்ட்டையும் அந்த லீவுலயே கொடுத்துட்டுக் கிளம்புங்க.

திரும்பி வர்ற எண்ணத்துல இருக்கிற உங்க நண்பர்களுக்கும் இதை அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.